முதலில் மூச்சு, அப்புறம் ஆசனம்

(சாலையில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரமின்மையால் அன்று விட்டுப்போன ஓரிரு விஷயங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



யோகாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் சொன்னபோது, "ஏதாவது ஆசனம் செய்து காட்டுவீர்களா?" என்றும் கேட்டார். சிரசாசனம் செய்து காட்டினால் கூட்டம் நிறைய வரும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் நான் இன்றைக்கு எதையும் செய்து காட்டப் போவதில்லை. நீங்கள் எல்லோரும் இந்த நிமிஷம் செய்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மூச்சு விடுவதைப் பற்றி.

சாலைக்காரர்களுக்கு மூச்சைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கடைத்தெருவில் மிளகாய் வத்தல் மூட்டை பிரிக்கும் கடைக்கு முன்னால் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வேகமாக நடப்போம். கற்பூரம், சாம்பிராணிக் கடை வந்ததும் தாராளமாக இழுத்து விடுவோம். யாரும் கற்றுத் தரவில்லை. சுமட்டுத் தொழிலாளி தலையிலிருந்து மூட்டையை இறக்கும்போது "ஹும்" என்று ஒரு சத்தம் விடுகிறாரே, கவனித்திருக்கிறீர்களா? மூச்சை வெளியே விட்டுக்கொண்டே பாரத்தை இறக்குகிறார். மூச்சை அடக்கிக்கொண்டு இறக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்று அவருக்கு உடம்பே சொல்லிக் கொடுத்திருக்கிறது. நம்முடைய யோக வகுப்புகளில் குனிந்து காலைத் தொடும்போது எத்தனை பேர் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்கிறார்கள் என்று பார்த்தால், அந்த மூட்டைக்காரர் நம்மைவிட நல்ல யோகி என்று தோன்றும்.

முதலில் ஒரு பரீட்சை. யாரும் பயப்பட வேண்டாம். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை மூச்சு வந்து போகிறது என்று எண்ணுங்கள். உள்ளே, வெளியே சேர்ந்து ஒன்று.

(ஒரு நிமிஷம் மௌனம்.)

சரி. பன்னிரண்டிலிருந்து இருபதுக்குள் இருந்தால் சாதாரணம். எண்ண ஆரம்பித்தவுடனேயே மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டதைக் கவனித்தீர்களா? முன் வரிசையில் ஒரு மாமா எட்டு என்கிறார். அவர் வீட்டில் உட்கார்ந்து டெலிவிஷன் பார்க்கும்போது நிச்சயம் எட்டு இருக்காது! பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்ததும் மூச்சு மரியாதையாக நடந்துகொள்கிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்ததில் பாதி இதிலேயே இருக்கிறது.

நம்முடைய பெரியவர்கள் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அஜபா என்று சொல்வார்களே, ஜபிக்காமலே நடக்கும் ஜபம், அதற்கு இதுதான் எண்ணிக்கை. சிதம்பரத்தில் பொற்கூரையின் ஓடுகள் 21,600 என்று சொல்வதும் இதை வைத்துத்தான். இந்த எண்ணை 24 மணிக்கும், அப்புறம் அறுபதுக்கும் வகுத்துப் பாருங்கள். நிமிஷத்துக்குச் சரியாகப் பதினைந்து வரும். இன்றைக்கு டாக்டர் சொல்லும் பன்னிரண்டுக்கும் இருபதுக்கும் நடுவில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. யாரோ ஒருவர் ஒரு காலத்தில் பொறுமையாக உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்.

இப்போது நாம் இருக்கும் ஊருக்கு வருவோம். சாலைக் கம்போளத்தைத் தர்மராஜா காலத்தில் திவான் ராஜா கேசவதாஸ் ஏற்படுத்தினார், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஆனால் "சாலை" என்ற சொல் இந்த வட்டாரத்துக்கு அதைவிட மிகப் பழையது. பக்கத்தில் வலியசாலையில் நம் கிராமத்தின் நடுவில் இருக்கும் மகாதேவர் கோயிலுக்குக் காந்தளூர் என்றுதான் பெயர். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச்சாலை இதுதான் என்று பல ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். வேறு கருத்து உள்ளவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் அந்தச் சாலை ஒரு பெரிய வித்யாஸ்தானம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் அரசன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை ஏற்படுத்தியபோது, காந்தளூர் முறைப்படியே அது நடக்க வேண்டும் என்று செப்பேட்டில் எழுதி வைத்தான். அங்கே வேதம் படித்த பிள்ளைகள் மூச்சைப் படிக்காமல் வேதம் படித்திருக்க முடியாது. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே மட்டும் நிறுத்தி, நடுவில் மூச்சு வாங்காமல், குரல் தேயாமல் சொல்ல வேண்டும். அத்யயனம் பண்ணியவர்களின் மார்பையும் வயிற்றையும் பார்த்தாலே தெரியும். தனியாக ப்ராணாயாம வகுப்பு அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

நமக்குத் தேவைப்படுகிறது. ஏனென்றால் நாம் அதை விட்டுவிட்டோம். முழுக்க விட்டோம் என்றும் சொல்ல முடியாது; அதுதான் வேடிக்கை. ஸந்த்யாவந்தனத்தில் ப்ராணாயாமம் ஒரு நாளைக்கு மூன்று வேளையும் வருகிறது. ஆரம்பத்தில் ஒன்று, காயத்ரி ஜபத்துக்கு முன்னால் பத்து. பெருவிரலால் வலது மூக்கை மூடி, மோதிரவிரலாலும் சுண்டுவிரலாலும் இடது மூக்கை மூடி, மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தி, மனசுக்குள் வ்யாஹ்ருதிகளோடும் சிரஸ்ஸோடும் காயத்ரியைச் சொல்லி, மெதுவாக வெளியே விட வேண்டும். நிதானமாகச் சொன்னால் ஒரு தடவைக்கு இருபது விநாடிக்கு மேல் ஆகும். நாம் என்ன செய்கிறோம்? மூக்கைத் தொடுகிறோம். காதைத் தொடுகிறோம். ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம். விரல் மூக்குக்குப் போய்விட்டு வந்தது. மூச்சு அந்தப் பக்கமே போகவில்லை. ஸமஷ்டி உபநயனத்தில் குழந்தைகளுக்கும் இந்த மூக்குத் தொடுதலைத்தான் சொல்லித் தருகிறோம். எட்டு வயதுப் பிள்ளை முழு மந்திரத்துக்கும் மூச்சை அடக்க முடியாது, வாஸ்தவம். முதல் சில மாதம் ப்ரணவத்தை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு இழுத்து விடச் சொல்லலாமே? ஒன்றும் இல்லாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். வாத்யார்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதன்படி.

யோகத்துக்கு வருகிறேன். பதஞ்சலியின் ஸூத்ரங்களில் ஆசனத்தைப் பற்றிச் சொல்லியிருப்பது மிகக் கொஞ்சம். 195 ஸூத்ரங்களில் மூன்றே மூன்று. அதில் நடு ஸூத்ரம் ஆசனம் கைகூட இரண்டு வழி சொல்கிறது. ஒன்று, ப்ரயத்னத்தைத் தளர்த்துவது. இன்னொன்று, அனந்தனில் மனசை நிறுத்துவது. அனந்தன் யார்? பழைய உரைகளில் ஆதிசேஷன் என்றும், எல்லையற்றது என்றும் பொருள் சொல்லியிருக்கிறார்கள். ஆயிரம் தலையில் பூமியைத் தாங்கிக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருக்கிறவனை நினைத்தால் நம் உடம்பும் ஆடாமல் இருக்கும் என்பது அதன் கருத்து. அனந்தன் பெயரிலேயே ஊர் வைத்துக்கொண்டு, அனந்தன்மேல் படுத்திருக்கும் பத்மநாபனைத் தினமும் தொழுதுகொண்டு இருக்கும் நமக்கு இந்த ஸூத்ரம் கொஞ்சம் சொந்தம் அல்லவா?

இதற்கு இன்னொரு பொருள் சொன்னவர் திருமலை கிருஷ்ணமாசார்யர். 1888-ல் பிறந்து 1989-ல் சென்னையில் மறைந்தவர். நூறு வயது பூர்த்தியானவர். மைசூர் மஹாராஜாவின் ஆதரவில் யோகசாலை நடத்தி, 1934-ல் கன்னடத்தில் யோக மகரந்தம் எழுதியவர். இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் யோக வகுப்புகளில் பெரும்பகுதிக்கு மூலபுருஷர் அவர்தான். அவரிடம் முப்பது வருஷத்துக்கு மேல் படித்த சென்னை ஸ்ரீவத்ஸ ராமஸ்வாமி எழுதியிருக்கிறார்: ஆசார்யர் "அனந்தன்" என்பதற்கு மூச்சு என்றே பொருள் சொல்வாராம். அன் என்றால் சுவாசித்தல். ப்ராணன், அபானன், வ்யானன், உதானன், ஸமானன், இந்த ஐந்து பெயரிலும் அந்த அன் இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்ததும் பரிசேஷணம் பண்ணி இந்த ஐந்து பேருக்கும்தானே முதல் ஆஹுதி கொடுக்கிறோம்! அதேபோல ப்ரயத்னம் என்பதும் உடம்பை முறுக்கும் முயற்சி இல்லை. உயிர் தரித்திருப்பதற்காக ஓயாமல் நடக்கும் முயற்சி, அதாவது சுவாசம், என்று தர்க்க சாஸ்திரத்தை வைத்து விளக்குவாராம். அப்படியானால் ஸூத்ரத்தின் பொருள் இப்படி ஆகிறது: சுவாசத்தை மிருதுவாக்கு, அந்தச் சுவாசத்திலேயே மனசை வை, ஆசனம் தானாக அமையும்.

வ்யாகரணம் படித்தவர்கள் "அனந்தம் என்றால் அந்தம் இல்லாதது, நீ என்ன புதிதாகப் பிரிக்கிறாய்?" என்று சண்டைக்கு வரலாம். வரட்டும். நான் பாணினி வகுப்பு எடுக்கவில்லை. பாயில் உட்கார்ந்து செய்து பார்த்தால் எந்தப் பொருள் வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். இது வேலை செய்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையைத் தூக்கிவிட்டு மூச்சைத் தேடக் கூடாது. மூச்சு உள்ளே ஆரம்பிக்கும். அதன் பின்னால் கை கிளம்பும். கை மேலே போய் நிற்கும். அப்புறம் மூச்சு முடியும். இறக்கும்போதும் அப்படித்தான். நிமிர்வதும் விரிவதும் உள்மூச்சில். குனிவதும் முறுக்குவதும் வெளிமூச்சில். கேட்டால் சின்ன விஷயம். செய்து பாருங்கள், மூன்றாவது தடவைக்குள் மனசு எங்கேயோ போய்விடும், கையும் மூச்சும் தனித்தனியாக நடக்கும். மனசு போய்விட்டது என்பதையே மூச்சுதான் வந்து சொல்லும். அதே மாதிரி, எந்த ஆசனத்தில் மூச்சு அறுபட்டு அறுபட்டு வருகிறதோ அந்த ஆசனம் இன்றைக்கு உங்களுக்கு இல்லை. கால் விரலைத் தொட்டாலும் இல்லை. இதற்கு மாஸ்டர் வேண்டாம், கண்ணாடி வேண்டாம், பக்கத்துப் பாய்க்காரரைப் பார்க்க வேண்டாம்.

மாற்றுக் கருத்தையும் சொல்லிவிட வேண்டும். பதஞ்சலி ஆசனம் அமைந்த பிறகுதான் ப்ராணாயாமம் என்று வரிசைப்படுத்தியிருக்கிறாரே, நீ தலைகீழாகச் சொல்கிறாயே என்று என்னை ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கிருஷ்ணமாசார்யரின் மைத்துனரும் சீடருமான பி.கே.எஸ். ஐயங்காரே அந்தக் கட்சிதான். 1966-ல் ஆசனங்களைப் பற்றிப் புகழ்பெற்ற புத்தகம் எழுதினார். ப்ராணாயாமத்துக்கென்று தனிப் புத்தகம் 1981-ல்தான். முதுகெலும்பு தானாக நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு ஆசனம் பழகாதவன் ப்ராணாயாமத்தில் கை வைக்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பு. அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் சொன்னது ப்ராணாயாமத்தை. நான் சொல்வது மூச்சைக் கவனிப்பதை. இது இரண்டும் ஒன்றில்லை. ப்ராணாயாமத்தில் மூச்சை இழுக்கிறோம், நீட்டுகிறோம், நிறுத்துகிறோம். திருமூலர் இழுப்பதற்குப் பதினாறு, நிறுத்துவதற்கு அறுபத்துநான்கு, விடுவதற்கு முப்பத்திரண்டு என்று மாத்திரைக் கணக்கே தந்திருக்கிறார். அது தேர்ந்தவர்களுக்கு, வீட்டுக்குப் போய் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். ஹடயோக நூல்களே சிங்கத்தையும் யானையையும் பழக்குவது போல மெள்ள மெள்ளப் பழக்கு, அவசரப்பட்டால் பழக்குகிறவனையே கொன்றுவிடும் என்று எச்சரிக்கின்றன. கவனிப்பதில் அந்த ஆபத்து இல்லை. மூச்சு அது பாட்டுக்கு வருகிறது. நாம் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது போலப் பார்க்கிறோம். அவ்வளவுதான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. டெலிவிஷனைப் பார்த்துக் கபாலபாதி செய்பவர்கள் நம் சமூகத்திலேயே நிறையப் பேர். வயிற்றை உள்ளே தள்ளி "புஸ் புஸ்" என்று நூறு, இருநூறு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள், இருதய சிகிச்சை செய்துகொண்டவர்கள், ஹெர்னியா, கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைச் செய்யக் கூடாது. மூச்சை வெகுநேரம் அடக்கவும் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு மாமா, எழுபதைத் தாண்டியவர், காலை வெறும் வயிற்றில் வேகவேகமாகச் செய்து தலை சுற்றிக் கூடத்தில் விழுந்தார். நல்லவேளையாகக் கைச் சிராய்ப்போடு போயிற்று. அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். எதிரே திரையில் இருப்பவருக்கு இவர் யாரென்று தெரியாது. இவர் மூச்சு எப்படி இருக்கிறது என்று இவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று நம் இளைஞர்கள் கேட்பார்கள். உடம்புக்குள் நடக்கும் காரியங்களில் பெரும்பாலானவை நம் கையில் இல்லை. இருதயத்தைப் பார்த்து "மெதுவாக அடி" என்றால் கேட்காது; ஜீரணத்தைப் பார்த்து "சீக்கிரம் ஆகட்டும்" என்றாலும் கேட்காது. சுவாசம் மட்டும் இரண்டு பக்கமும் பேசும். தூங்கும்போது தானாக நடக்கும், விழித்திருக்கும்போது நாம் சொன்னால் கேட்கும். உள்மூச்சில் நாடித்துடிப்பு கொஞ்சம் வேகமாகும், வெளிமூச்சில் கொஞ்சம் நிதானமாகும். மணிக்கட்டில் விரல் வைத்து நீங்களே பார்க்கலாம். இளம்வயதினருக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். அதனால்தான் வெளிமூச்சு நீண்டால் மனசு அடங்குகிறது. 2001-ல் இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் குழுவினரும் 23 பேரை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். கிறிஸ்தவர்கள் ஜபமாலை உருட்டி லத்தீனில் சொல்லும் பிரார்த்தனையையும், பௌத்த மந்திரம் ஒன்றையும் சொல்ல வைத்து அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. ரத்த அழுத்தத்தைச் சமன் செய்யும் இருதயத்தின் அனிச்சைச் செயலும் நன்றாக வேலை செய்தது. எந்த மதத்துக்காரர் ஜபம் செய்தாலும் மூச்சு போய்ச் சேரும் இடம் ஒன்றாக இருக்கிறது. நம் விஷ்ணு ஸஹஸ்ரநாமப் பாராயணத்தில் ஒரு ச்லோகம் ஒரு மூச்சு என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள், மாமிமார்களே. அவசரமாக இருபது நிமிஷத்தில் முடிப்பதில் என்ன கிடைக்கிறது?

மாமிமார்களைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஸந்த்யாவந்தனம் ஆண்களுக்குத்தானே, எங்களுக்கு ஏது ப்ராணாயாமம் என்று என் வகுப்பில் ஒரு மாமி கேட்டார். கிருஷ்ணமாசார்யர் ஆசாரத்தில் கடுமையான வைஷ்ணவர். அவரே முதலில் தயங்கினாலும், மஹாராஜா சொன்னதன் பேரில் 1930-களின் பிற்பகுதியில் ரீகாவில் பிறந்த இந்திரா தேவி என்ற அம்மையாருக்குக் கற்றுக் கொடுத்தார். அந்த அம்மாள் நூற்றிரண்டு வயது இருந்தார். அதற்கப்புறம் ஆசார்யர் பெண்களுக்கு யோகம் மிகவும் அவசியம் என்றே சொல்லி வந்தார். அவர் பிள்ளை தேசிகாசார் இஞ்ஜினீயர். அப்பாவிடம் சிகிச்சைக்கு வந்த வெளிநாட்டு அம்மாள் ஒருவர், பல வருஷத்துக்கு அப்புறம் மாத்திரை இல்லாமல் தூங்கினேன் என்று ஓடிவந்து தெருவிலேயே வயசான ஆசார்யரைக் கட்டிக்கொண்டாராம். அதைப் பார்த்துத் திகைத்துப் போன பிள்ளை, அப்பாவிடம் என்னதான் இருக்கிறது என்று படிக்க உட்கார்ந்தார். வேலையையும் விட்டார். 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாசார்ய யோக மந்திரம் ஆரம்பித்தார். அந்தப் பரம்பரையில் நோயாளி வந்தால் முதலில் அவர் மூச்சைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

நம் ஊருக்கும் இந்த விஷயத்தில் ஒரு பரம்பரை உண்டு. நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது, நாம்தான் போவதில்லை. தைக்காடு அய்யா ஸ்வாமிகளைச் சொல்கிறேன். இயற்பெயர் சுப்பராயன். தமிழ்நாட்டில் நகலாபுரத்தில் பிறந்து, இங்கே தைக்காடு ரெஸிடென்ஸியில் மேற்பார்வையாளராக வேலை பார்த்தார். வெள்ளைக்கார ரெஸிடென்டிடம் உத்யோகம், வீடு, குடும்பம், குழந்தைகள், அதற்கு நடுவில் யோகம். சட்டம்பி ஸ்வாமிகளும் ஸ்ரீ நாராயண குருவும் யோகம் கற்றுக்கொண்டது இந்தத் தமிழ் பேசிய க்ருஹஸ்தரிடம். 1909-ல் ஸமாதியானார். ஜாதி பார்க்காமல் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டவர் அவர். அந்த நாளில் நம்மவர்கள் எல்லோரும் அதை ரசித்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேரளத்தையே மாற்றிய இரண்டு மகான்கள் மூச்சைப் படித்தது நம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், நெய்யாறு அணைக்கட்டில் விஷ்ணுதேவானந்தர் 1978-ல் ஏற்படுத்திய சிவானந்த ஆச்ரமம். சிவானந்தர் நம் திருநெல்வேலி பத்தமடைக்காரர். மலாயாவில் டாக்டராக இருந்து ரிஷிகேசம் போனவர். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தாமிரபரணிக் கரைதானே பூர்வீகம்! அந்த ஆச்ரமத்து வகுப்பின் வரிசையைப் பாருங்கள். முதலில் சவாசனத்தில் படுத்து மூச்சு. அப்புறம் உட்கார்ந்து ப்ராணாயாமம். அதற்கப்புறம்தான் ஸூர்ய நமஸ்காரமும் ஆசனங்களும்.

2020, 2021-ல் வீட்டுக்கு வீடு விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டிக்கொண்டு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? தொண்ணூற்றைந்தா, தொண்ணூற்றிரண்டா என்று ராத்திரி தூங்காமல். அதுவரைக்கும் மூச்சு என்று ஒன்று இருப்பதே நமக்கு நினைவில்லை. என் வகுப்புக்கு வரும் ஒரு மாமி அந்த வருஷம் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்து பிழைத்து வந்தார். அவர் கணவர் வரவில்லை. நுரையீரல் தேறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் ராத்திரி மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தில் உட்கார்ந்தே இருப்பார். அவரிடம் ஆசனத்தைப் பற்றி என்ன பேசுவது? நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கை வயிற்றில், ஒரு கை மார்பில். எந்தக் கை முதலில் அசைகிறது என்று மட்டும் பாருங்கள் என்றேன். இரண்டு வாரம் அது ஒன்றுதான். மூன்றாவது வாரம், "வெளியே போன மூச்சு தானா திரும்பி வரதுடா. நான் இழுக்க வேண்டாம். இத்தனை நாள் நான்தான் இழுத்துண்டிருக்கேன்னு நெனச்சிண்டிருந்தேன்" என்றார். இப்போது படுத்துத் தூங்குகிறார். ஆசனம் என்று பார்த்தால் இன்றைக்கும் கையைத் தூக்கி இறக்குவதோடு சரி.

ரமண மஹர்ஷி மனசும் மூச்சும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்கிறார். 1927-ல் முருகனாருக்காகத் தமிழில் எழுதிய உபதேச உந்தியாரில் அதைச் சொல்லியிருக்கிறார். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று அகப்படும். மனசைப் பிடிக்க நம்மால் ஆகாது. மூச்சு மூக்கு நுனியிலேயே இருக்கிறது. அதனால்தான் மூச்சிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

கடைசியாக வகுப்பு விஷயம். ஜூன் 21 யோக தினத்துக்கு மேடையில் எல்லோரும் சேர்ந்து ஆசனம் செய்து போட்டோ எடுக்க வேண்டும் என்று கமிட்டியில் சிலர் ஆசைப்படுகிறார்கள். நான் கேட்பது ஒரு மண்டலம், நாற்பத்தொரு நாள், மூச்சைக் கவனிப்பது மட்டும். போட்டோவில் ஒன்றும் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் தெரியும். பாதிப் பேர் பத்து நாளில் நின்றுவிடுவார்கள் என்று பொருளாளர் சொல்கிறார். நிற்கலாம். முன்பு நான் மொட்டை மாடியில் நடத்திய வகுப்பிலும் நின்றார்கள். தங்கியவர்கள் இன்றைக்கும் வருகிறார்கள், அதில் எண்பது வயதுக்காரர் இரண்டு பேர். கமிட்டி யோசித்து முடிவு செய்யட்டும். எந்த முடிவானாலும் நான் வகுப்பு எடுக்கத் தயார். ஆனால் முதல் பத்து நிமிஷம் என்னுடையது.

காலை ஐந்தரைக்கு ஆரம்பம், ஆறேகாலுக்கு முடிந்துவிடும். கோயிலுக்குப் போகிறவர்கள் போகலாம். காப்பி குடித்துவிட்டு வரக் கூடாது, அதற்குத்தான் எல்லோரும் என்னிடம் கோபித்துக்கொள்கிறார்கள். உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி இருக்கிறது. இருதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்த்மா உள்ளவர்கள் முதல் நாளே என்னிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். மாத்திரையை யாரும் நிறுத்த வேண்டாம். பாய் அவரவர் கொண்டு வர வேண்டும்.